ஆற்றில் பொறுக்கிய டப்பா

மூட்டையைத் தராசில் வைத்த உடனே லாலா கேட்டுவிடுவாள்: "எங்கேருந்து வந்தது?"

ஆள் யாராக இருந்தாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே விருந்து நடந்தது. மறுநாள் காலை அவள் தம்பி அந்தக் காலி பீர் டப்பாக்களை எல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்தான். அவனையும் கேட்டாள்.

"உன் வீட்டுக் கொல்லையிலேருந்துதான். நீதானே எனக்கு எடுத்துக் குடுத்தே?" என்று அவன் பல்லைக் கடித்தான்.

"அப்படின்னா கலிஃபோர்னியா," என்று சொல்லிவிட்டு எடை பார்த்தாள்.

எங்கள் ஊரான பலோ சீக்கோவில் காலி டப்பாவும் பாட்டிலும் எடுக்கிற கடை எங்களுடையது ஒன்றுதான். எங்களுடையது என்பது வாய்ப்பழக்கம். கடை லாலாவுடையது. சுவரில் மாட்டியிருந்த உரிமத்தில் எவுலாலியா பாரியோஸ் என்று அவள் பெயர்தான் இருந்தது. நான் டென்ச்சா, சாமான் பிரிக்கிறவள். அலுமினியம் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். புளித்த பீர் நாற்றமும் குளவியும் என் பங்கு. வாடகையும் கவலையும் அவள் பங்கு.

அவள் கேள்விக்குக் காரணம் இதுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கலிஃபோர்னியா. இங்கே சோடாவோ பீரோ வாங்கினால் டப்பாவுக்கென்று ஐந்து காசு கூடப் பிடித்துக்கொள்வார்கள். காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். பாலத்தைத் தாண்டினால் அரிசோனா. அங்கே பிடிப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஆனால் டப்பா என்னவோ ஒரே டப்பாதான். அதே கம்பெனி, அதே நிறம், அதே எழுத்து. அங்கே குப்பையில் கிடப்பதை வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து போட்டால், யாருமே கட்டாத பணத்தை அரசாங்கத்திடமிருந்து கறந்துவிடலாம். அப்படிக் கறந்தே வீடு கட்டியவர்கள் உண்டு.

டப்பாவைத் தலைகீழாகப் புரட்டினாலும் அது எந்தக் கரை என்று சொல்லாது. அதனால் மனுஷனைக் கேட்கச் சொல்கிறது சட்டம். கேள், பதிலைக் கேட்டுக்கொள், அரிசோனா என்றால் மூட்டையைத் திருப்பி அனுப்பு. பொய் சொல்கிறவனுக்குப் பணம், உண்மையைச் சொல்கிறவனுக்கு வாசல். இந்தச் சட்டத்தை எழுதியவன் தன் வாழ்நாளில் ஒரு மூட்டையாவது தூக்கியிருப்பானா என்று நான் லாலாவிடம் கேட்டிருக்கிறேன்.

"எழுதினவன் என்னத்தையோ எழுதிட்டுப் போறான். நம்ம கழுத்துல கத்தி இல்லாம இருந்தா சரி," என்பாள் அவள்.

கத்தி ஏற்கெனவே கழுத்தில்தான் இருந்தது. போன வருஷம் பித்தப்பையில் கல் என்று லாலா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவள் நம்பி விட்டுப்போன ஆள், அரிசோனாவில் இருக்கிற ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு முழு லாரிச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப்போட்டான். மாநில அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து அபராதம் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொரு தப்பு நடந்தால் உரிமம் போய்விடும், கடையை மூட வேண்டியதுதான் என்று லாலா புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் குறைந்தது. கேள்வி கூடியது. கேட்டுக் கேட்டு ஊருக்கே அது பாடமாகிவிட்டது. "எங்கேருந்து?" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் "எங்க வீட்டுலேருந்து, பூங்காவுலேருந்து, மாமியார் கட்டிலுக்கு அடியிலேருந்து" என்று வரிசையில் நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்பிப்பார்கள்.

கடை போனால் அடுத்த கடை பாலைவனத்தைத் தாண்டி இன்டியோவில். கார் இல்லாதவனுக்கு அது நிலாவில் இருப்பது போலத்தான். எங்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேருக்குக் கார் கிடையாது.

தோன் நிக்கானோருக்கும் கிடையாது. தோன் என்பது எங்களில் பெரியவர்களுக்கு வைக்கிற மரியாதை. மூன்று சக்கர சைக்கிள்தான். பின்னால் ஒரு கூடை, கூடைக்கு மேல் அவர் உயரத்துக்கு மூட்டை. அறுபது தாண்டியவர். முப்பது வருஷம் முலாம்பழத் தோட்டங்களில் குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்தில் அவருக்குப் பெயர் ரமீரோ. வேறு யாரோ ஒரு ரமீரோவின் அடையாளக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு காலமும் வேலை பார்த்தார். இங்கே அதெல்லாம் பெரிய விஷயமில்லை, பாதி ஊர் அப்படித்தான். ஆனால் ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அவர் பெந்தெகொஸ்தே கூட்டத்தில் சேர்ந்து, இதே ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தார். கரையேறியதும் ஈரத்தோடு மேஸ்திரியிடம் போய், "என் பேரு ரமீரோ இல்லீங்க, நிக்கானோர்," என்று சொல்லிவிட்டார். இனிமேல் பொய் கிடையாது என்று கர்த்தரிடம் வாக்குக் கொடுத்தாராம். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, "இதை ஏன்யா என்கிட்ட வந்து சொல்றே?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். சொன்னபிறகு வேலையில் வைத்திருக்க முடியாதே. அன்றோடு தோட்டம் போயிற்று. பெயரைக் கேட்காத ஒரே பிழைப்பு டப்பா பொறுக்குவதுதான். அதைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரும். இப்படி ஒரு மனுஷன் நல்லவனாக இருக்கத்தான் வேண்டுமா என்று வரும். மதிய வெயிலில் அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் கோபம் போய்விடும். தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைப்பேன்.

அவர் பொறுக்குவது ஆற்றில். சனி ஞாயிறு வந்தால் அரிசோனாப் பக்கத்திலிருந்து படகுகள் கிளம்பும். பாட்டும் கூத்தும் அரைகுறைத் துணியுமாக வந்து எங்கள் கரையோரத்து மணல்திட்டில் ஏறி நின்று குடிப்பார்கள், போட்டுவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை விடியும்போது திட்டு முழுக்க டப்பாவாக மின்னும். தோன் நிக்கானோர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் போய் அள்ளிவருவார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு எங்கள் பக்கம் ஒதுக்குவது எங்களுக்கு. எத்தனையோ கூலிங்கிளாஸ், ஐஸ்பெட்டி, துடுப்பு எல்லாம் அப்படி வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு முழுப் படகே வந்தது. அதை எடுத்தவன் இன்றும் அதில்தான் மீன் பிடிக்கிறான், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் "எங்கேருந்து வந்தது?" என்று லாலா கேட்டு, "ஆத்துலேருந்து மகளே," என்று அவர் சொன்னால், அவள் தலையை ஆட்டிவிட்டு எடை போடுவாள். ஆறு எங்களுடையது. டப்பாவும் எங்களுடையது. இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை.

கெட்ட காலம் ஹெனாரோ உருவத்தில் வந்தது.

ஹெனாரோவிடம் ஒரு பெரிய பிக்கப் வண்டி உண்டு. நாலைந்து ஒன்றுவிட்ட சகோதரர்களும் உண்டு. ஒருவன் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கொண்டுவரலாம் என்று ஒரு அளவு இருக்கிறது. இவர்கள் ஆளுக்கு அந்த அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் தலைவாரி, முகம் கழுவி, சர்ச்சில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகள் போல நின்றார்கள்.

"எங்கேருந்து வந்தது?"

"எங்க வீட்டுலேருந்து, முதலாளியம்மா," என்றான் ஹெனாரோ.

லாலா மூட்டைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள். வீட்டில் காலால் மிதித்த டப்பா கோணல்மாணலாக இருக்கும். இது நாலு பக்கமும் அழுந்தி, ஓரம் சீராக, பக்கத்து டப்பாவின் அச்சு அப்படியே பதிந்து இருந்தது. யந்திரத்தில் போட்டுச் செங்கல் மாதிரி அமுக்கிக் கட்டிய சரக்கை மறுபடி உடைத்து மூட்டையாக்கியிருக்கிறார்கள். அப்படிக் கட்டி விற்பது பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பைக் கிடங்கில்தான்.

"உங்க வீட்டுல அமுக்கற மிஷின் வெச்சிருக்கியா?" என்று கேட்டாள் லாலா.

"என் மச்சான் குண்டு. டப்பா மேல உக்காந்துட்டான்."

வரிசை சிரித்தது. நான்கூடச் சிரித்துவிட்டேன். லாலா சிரிக்கவில்லை.

"எடுத்துட்டுப் போ, ஹெனாரோ."

"கேள்வி கேட்டீங்க, பதில் சொன்னேன். கலிஃபோர்னியான்னு சொல்லிட்டேன். அப்புறம் எடுக்க மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு? இல்லேன்னு ருசுப் பண்ணுங்க."

"உன்கிட்ட நான் ஒண்ணும் ருசுப் பண்ண வேண்டியதில்ல. கேட் அங்க இருக்கு."

ஹெனாரோ கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, வாசலில் எழுதிப் போட்டிருந்த புகார் எண்ணைப் பார்த்துப் பார்த்து அமுக்கினான். நியாயமான சரக்கைக் கொண்டுவருகிறவர்களை இந்தக் கடைக்காரி ஆள் பார்த்துத் திருப்பி அனுப்புகிறாள் என்று வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷில் சொன்னான். பிறகு எங்களுக்குக் கையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

அன்று சாயங்காலம் லாலா தோன் நிக்கானோரை நிழலில் உட்காரவைத்துப் பேசினாள். அதிகாரி யாராவது வருவான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"தோன் நிக்கானோர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். கொஞ்ச நாளைக்கு ஆறுன்னு சொல்லாதீங்க. தெருவுலேருந்துன்னு சொல்லுங்க."

"தெருவுல இல்லையே மகளே. ஆத்துலதானே கெடக்குது."

"தெரியும். ஆறுன்னு சொன்னா அப்புறம் எந்த ஆறு, எந்தக் கரைன்னு ஒண்ணு மேல ஒண்ணு கேப்பாங்க. தெருன்னா ஒரே பதில். முடிஞ்சுது."

"கேட்டா சொல்றேன். நாம ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? நம்ம ஆறுதானே?"

லாலா என்னைப் பார்த்தாள். நான் எங்கோ பார்த்தேன். அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் யார்? ஒரு மாசத்துக்கு வராமல் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் குடியிருக்கிற டிரெய்லர் வண்டிக்கு இட வாடகை எங்கிருந்து வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் சொல்லவில்லை.

அதிகாரி அடுத்த திங்கட்கிழமை காலையில் வந்தார். வெள்ளைக் கார். கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே இருந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிவந்து அடையாள அட்டையைக் காட்டினார். தாவோ என்று பெயர். லாவோஸ் மலைப்பக்கத்துக் குடும்பம் என்று முகம் சொல்லியது, எங்கள் மாநிலத்து ஃப்ரெஸ்னோவில் அவர்கள் நிறைய. வயது நாற்பதுக்குள். மரியாதையான ஆள். புகார் வந்திருக்கிறது, நீங்கள் வேலையைப் பாருங்கள், நான் ஓரமாக நிற்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஓரமாகத்தான் நின்றார். லாலா ஒவ்வொருவரையும் கேட்டாள், ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டுப் பார்த்தாள். பாட்டில் அடியில் இன்னும் சரக்கு இருந்தால் கொட்டிவிட்டு வரச் சொன்னாள். ஹெனாரோவின் அமுக்கிய டப்பா ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டி, ஏன் திருப்பி அனுப்பினேன் என்று விளக்கினாள். தாவோ அதைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

"இந்த அளவுக்கு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல, அம்மா. நீங்க செஞ்சது சரிதான்," என்றார் இங்கிலீஷிலேயே.

லாலாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! போன வருஷத்திலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்த பேய் இறங்கியது போல இருந்தாள். எனக்கும் நெஞ்சு லேசானது. அவர் காருக்குத் திரும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போது கேட்டில் மூன்று சக்கர சைக்கிளின் மணி அடித்தது.

போங்கள், போங்கள் என்று நான் அவருக்குக் கையை ஆட்டினேன். காலை வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் தொப்பியை எடுத்து ஆட்டினார். வரிசையில் நின்றவர்கள் வயசானவராயிற்றே என்று வழிவிட்டார்கள். என்றைக்கும் இல்லாத மரியாதை அன்றைக்கு வந்துவிட்டது அந்தப் பாவிகளுக்கு. அவர் நேராகத் தராசுக்கு வந்து மூட்டையை வைத்தார். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கேட்காமல் இருக்க முடியாது. அதிகாரி நிற்கிறார். லாலா கேட்டாள். "எங்கேருந்து வந்தது?"

"ஆத்துலேருந்து மகளே."

தாவோ ஒரு அடி முன்னால் வந்தார். "ஆற்றிலிருந்து என்றால்? யார் போட்டது என்று கேளுங்கள்," என்றார் இங்கிலீஷில். தோன் நிக்கானோருக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தைதான் தெரியும். லாலா ஸ்பானிஷில் கேட்டாள். அவர் சந்தோஷமாக, ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் வேலையைப் பற்றி யாரும் அவரிடம் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

"படகுக்காரங்க போட்டதுங்க. எல்லாம் அரிசோனாப் படகு. அந்தப் பக்கத்துக் கடையில வாங்கி, நம்ம திட்டுல உக்காந்து குடிச்சிட்டுப் போட்டுட்டுப் போவாங்க. நான் திங்கக்கெழமை போயிப் பொறுக்கிடுவேன். இல்லேன்னா எல்லாம் தண்ணியில போயிடும், மீனுக்குக் கேடு."

லாலா அதிகாரியிடம் திரும்பினாள். "கரையில பொறுக்கினதாம்," என்று இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள். அவ்வளவுதான். படகும் அரிசோனாவும் அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

தாவோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மறுபடியும் ஒரு தடவை அவரைக் கேளுங்கள். நிதானமாகக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்," என்றார்.

அந்த மனுஷன் எதற்காக அப்படிச் சொன்னார் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு லாலா அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். கதவைக் கொஞ்சம் திறந்துவிடுகிறார், பதிலை மாற்றிச் சொல்லிவிட்டால் கண்டுகொள்ளாமல் போய்விடுவார் என்று நினைத்தாள். அவள் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவள் தோன் நிக்கானோரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோன் நிக்கானோர், உங்க தெருவுலேருந்துன்னு சொல்லுங்க. இல்லேன்னா இன்னைக்கே என் கடை போயிடும். டென்ச்சாவுக்கு வேலை போயிடும். பின்னாடி நிக்கறாங்களே, அவங்கெல்லாம் எங்க போவாங்க? ஒரே ஒரு தடவை. எனக்காகக் கூட வேண்டாம், அவங்களுக்காக. பாவமெல்லாம் என் தலையில இருக்கட்டும்."

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்த மிலாக்ரோஸ். ஒரு கால் இல்லாத கேசியஸ், அவன் மூட்டையைத் தோன் நிக்கானோர்தான் எப்போதும் இறக்கிவைப்பார். வெயிலில் நின்று எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். முகத்தில் அவ்வளவு வேர்வை, தண்ணீரில் முங்கி எழுந்தவர் போல இருந்தார். தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷை அதிகாரியிடமே நேராகச் சொன்னார்.

"என் தெருவுலேருந்து, சார்."

ஆறேழு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய். சொல்லத் தெரியாமல் சொன்னார். கண் தரையில் கிடந்தது.

தாவோ மூட்டையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். ஈர மணலும் ஒரு சின்னச் சிப்பியும் தராசுமேல் விழுந்தன. அதை அவர் பெரிதாகப் பார்க்கக்கூட இல்லை. லாலாவிடம் பேசினார், அதுவும் ஸ்பானிஷில். எங்கள் ஸ்பானிஷை விட நல்ல ஸ்பானிஷ்.

"எங்கப்பா அம்மா ஃப்ரெஸ்னோவுல ஸ்ட்ராபெரி பறிச்சாங்க. பக்கத்து வரிசையில உங்க ஆளுங்கதான். நான் அந்தப் பிள்ளைங்களோட விளையாடித்தான் வளந்தேன். அவர் மொதல்ல சொன்னதும் எனக்குப் புரிஞ்சுது. நீங்க இப்பச் சொல்லிக் குடுத்ததும் புரிஞ்சுது."

லாலா தராசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அரிசோனாவுல வாங்கினதுன்னா ஆத்து டப்பாவும் எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியலை. தெரியாம செஞ்சா அதுக்கு ஒண்ணும் இல்லைங்க. இந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்க, இனிமே எடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். அவர் சொன்னதை அப்படியே நீங்க எனக்குச் சொல்லியிருந்தா அதோட முடிஞ்சுது. அதுக்குத்தான் மறுபடி கேக்கச் சொன்னேன். இப்பத் தெரிஞ்சே ஒரு ஆளைப் பொய் சொல்ல வெச்சிருக்கீங்க. தெரிஞ்சே செஞ்சா உரிமம் ரத்து. என் காதால கேட்டதை நான் கேக்கலைன்னு எப்படி எழுதுவேன்? நானும் பொய் சொல்லணுமா?"

எனக்கு வந்ததே கோபம்! கையுறையைக் கழற்றி வீசினேன். "ஸ்பானிஷ் தெரியும்னா வந்ததுமே சொல்றதுக்கென்ன வாயில? மரம் மாதிரி நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்களே! அந்த ஹெனாரோ லாரி லாரியா அடிக்கறான், அவனைப் போயிப் பிடிக்க வேண்டியதுதானே?"

"அவர் மேல புகார் எதுவும் இல்லையேம்மா," என்றார் தாவோ. அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இதெல்லாம் ஸ்பானிஷில் நடந்ததால் தோன் நிக்கானோருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. கார் போனபிறகும் அவர் அங்கேயே நின்றார். லாலா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் வந்து குனிய முயன்றார், முதுகு விடவில்லை.

"மொதல்ல சொன்னதே போதுமா இருந்திருக்கு மகளே," என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நம்ப முடியாமல் கேட்கிற குரல். லாலா நிமிரவில்லை. அவர் ஈர மூட்டையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உரிமம் அந்த மாசமே போயிற்று. தராசையும் மற்ற சாமான்களையும் வந்த விலைக்கு விற்றாள். அது கடனுக்கே சரியாகப் போனது. யூமாவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவும் அரிசோனாதான். பஸ் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "அவரைப் பாத்தா என்னை மன்னிச்சிடச் சொல்லு டென்ச்சா. என்னால அவர் முன்னாடி போயி நிக்க முடியலை," என்றாள்.

போய்ச் சொன்னேன். டிரெய்லர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மன்னிக்க என்ன இருக்கிறது, சொன்னது என் வாய்தானே என்றார். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பாஸ்டர் வீட்டுக்கே வந்து, கர்த்தர் எப்பவோ மன்னித்துவிட்டார், வாருங்கள் சகோதரரே என்று கூப்பிட்டாராம்.

"மன்னிச்சிருப்பார், எனக்குச் சந்தேகமில்ல. ஆனா ஒரு வாக்குதான் வெச்சிருந்தேன் மகளே. அதைக் குடுத்து ஒண்ணுமே வாங்கலையே நான்," என்றார்.

 கொண்டுபோயிருந்த சோள அடையை வைத்துவிட்டு வந்தேன்.

கடை பூட்டி ஒரு மாசம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஹெனாரோவின் பிக்கப் நின்றது. பின்கதவைத் திறந்து போட்டு, கொக்கித் தராசு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். எங்கள் கடை கொடுத்ததில் பாதி விலை. அதை அவன் இன்டியோவுக்குக் கொண்டுபோய், அங்கே கேட்கிற கேள்விக்கு அவனே பதில் சொல்லி, முழு விலை வாங்கிக்கொள்வான். சொந்தச் சரக்கோடு இதுவும் சேர்ந்தது. போக்குவரத்துச் செலவு இல்லையா என்று அவனே நியாயமும் பேசினான். வரிசை நின்றது. மிலாக்ரோஸ் நின்றாள், கேசியஸ் நின்றான். டயர் கடைக் குப்பையில் பொறுக்கிய அரை மூட்டையோடு நானும் நின்றேன். வேலை இல்லாதவளுக்கு வீம்பு எதற்கு?

எனக்கு நாலு பேர் முன்னால் அந்த மூன்று சக்கர சைக்கிள் நின்றது. மூட்டையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. வரிசையை விட்டு அவரிடம் போனேன்.

"நீங்களுமா தோன் நிக்கானோர்? இந்தத் திருடன்கிட்டயா? நம்ம கடையை மூட வெச்சதே இவன்தானே?"

அவர் என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இவன் எதையும் கேக்கறதில்ல மகளே. இங்க பொய் சொல்ல வேண்டியதில்ல."

வரிசை நகர்ந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். ஹெனாரோ மூட்டையைக் கொக்கியில் மாட்டி, எடையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வண்டிக்குள் எறிந்தான். நான் என் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றேன்.